கடனுக்கும் ஒரு சீட்டு வேண்டும், கடன் வாங்குபவர் படிக்கும் மொழியில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் 23 ஆண்டுகளாகச் சம்பளக் கணக்கு எழுதி வருகிறேன். பயனீட்டாளர் கடன் சட்டங்களை மலேசியா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகள் திருத்தி வரும் இவ்வேளையில், நம் நாட்டுச் சட்டத்தில் இன்னும் செய்ய வேண்டியதாக எனக்குப் படும் ஒன்றை, அதாவது கடனின் மொத்தச் செலவை வாங்குபவரின் மொழியில் ஒரே பக்கத்தில் எழுதித் தரும் ‘கடன் சீட்டு’ என்ற யோசனையை, தங்கள் நாளிதழ் வழியாகச் சட்ட அமைச்சின் கவனத்திற்கும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் கவனத்திற்கும் கொண்டுவர விரும்புகிறேன். நான் சட்டம் படித்தவள் அல்லள். ஆனால் சம்பளம் எண்ணிக் கொடுக்கும் மேசைக்கு வந்து நிற்பவரின் கடன் கதை, அவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், நாளடைவில் தெரிந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மதிய உணவு நேரத்தில், அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் பற்றவைப்பு வேலை செய்யும் ஒரு தம்பி, வேலை அனுமதி அட்டையை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தார். “அக்கா, இதுல நான் மொத்தம் எவ்வளவு கட்டணும்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார். தாள் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. உரிமம் பெற்ற ஒரு கடன் நிறுவனத்தில் அவர் வாங்கிய 500 வெள்ளிக் கடனுக்கான ஒப்பந்தக் குறிப்பு அது. முழுவதும் ஆங்கிலம். மாத வட்டி 4 விழுக்காடு, ஆறு தவணை, நிர்வாகக் கட்டணம் 50 வெள்ளி. கீழே அவருடைய கையெழுத்து, தமிழில்.

“எவ்வளவுன்னு நினைச்சீங்க, தம்பி?” என்று கேட்டேன். “நாலு பெர்சன்ட்தானே அக்கா, 500க்கு 20 வெள்ளி. அதோட அந்த 50. மொத்தம் 570” என்றார். தாளையும் கணிப்பொறியையும் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். குறையும் அசலுக்கு மாதம் 4 விழுக்காடு என்று போட்டால் மாதத் தவணை 95 வெள்ளி 38 காசு வருகிறது. ஆறு தவணைக்கு 572 வெள்ளி 29 காசு. வட்டி மட்டும் 72 வெள்ளிக்கு மேல். 500 வெள்ளியை எண்ணிக் கையில் வைத்தவர்கள் அதிலிருந்தே 50 வெள்ளியைக் கட்டணமாக வாங்கிக்கொண்டதால், அவர் வீட்டுக்கு அனுப்பக் கையில் மிஞ்சியது 450 வெள்ளிதான். இதற்கிடையில் காய்ச்சலில் படுத்து மூன்றாம் தவணையை ஒன்பது நாள் தாமதமாகக் கட்டியதற்குத் தாமதக் கட்டணம் 60 வெள்ளியும், தாமத வட்டி ஒரு வெள்ளிச் சொச்சமும் சேர்ந்திருந்தன. 70 வெள்ளி செலவாகும் என்று அவர் நினைத்த கடனுக்கு 183 வெள்ளிக்கு மேல் செலவாகிறது. மிகைநேர வேலையையும் சேர்த்து அவருடைய மாத வருமானம் 700 வெள்ளியைத் தொடுவதில்லை.

இதில் எந்தக் கட்டணமும் சட்டத்தை மீறியதில்லை என்பதே நான் சொல்ல வருவது. மாத வட்டி 4 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, தாமதமான தொகைக்கு மட்டும் விதிக்கும் தாமத வட்டியும் 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, தாமதக் கட்டணம் மாதத்திற்கு 60 வெள்ளி, நிர்வாகக் கட்டணம் அசலில் பத்து விழுக்காடு, இவை எல்லாம் சேர்ந்தாலும் அசல் தொகையைத் தாண்டக் கூடாது என்று 2015 அக்டோபர் 1 முதல் விதி இருக்கிறது. பொருளியல் வல்லுநர் திரு மனு பாஸ்கரன் தலைமையிலான ஆலோசனைக் குழு பரிந்துரைத்துச் செய்த சீர்திருத்தம் அது. கடைசி வரம்பு, அதாவது மொத்தச் செலவு அசலைத் தாண்டக் கூடாது என்பது, நம் சட்டத்தின் மிகச் சிறந்த வரி என்பது என் எண்ணம். குட்டி போட்டுக் குட்டி போட்டு வளரும் கடனுக்கு அது ஒரு கூரை போட்டது. தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்த பிறகும் கந்துவட்டியில் மாண்டவர்களின் செய்தியைப் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர்களிடம் இந்தக் கூரையைப் பற்றிச் சொன்னால், நம்ப முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

2018 நவம்பர் 30 முதல் ஒருவர் உரிமம் பெற்ற எல்லாக் கடன்கொடுப்போரிடமும் சேர்த்து எவ்வளவு வாங்கலாம் என்பதற்கும் வரம்பு வந்தது. ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குக் குறைந்த சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் அது 3,000 வெள்ளி; 10,000 வெள்ளிகூட வராத வெளிநாட்டவருக்கு இப்போது 500 வெள்ளி. தனக்கே கடன் தர வேண்டாம் என்று ஒருவர் தன்னைத் தானே விலக்கிக்கொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள். இவை எல்லாம் நல்ல விதிகள். இவற்றைச் செய்தவர்களைக் குறை கூற நான் எழுதவில்லை.

ஆனால் வரம்பு மட்டும் இருந்தால் போதாது. வாங்குபவருக்கு அது புரிந்தும் இருக்க வேண்டும். கடனின் நிபந்தனைகளை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தம்பியிடம் விளக்கினார்களா என்று கேட்டேன். “சொன்னாங்க அக்கா, இங்கிலீஷ்ல. பின்னாடி நாலு பேர் நின்னாங்க. நான் தலையாட்டிட்டேன்” என்றார். விளக்கம் கிடைத்தது என்பதற்கும் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வாய்வார்த்தையாகச் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. தாளில் எழுதியதற்கு உண்டு. அந்தத் தாளோ அவருக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது. சட்டத்தின் நோக்கம் நழுவிப்போவது இந்த ஓர் இடத்தில்தான்.

எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். 1960களில் என் பெரிய அக்காவின் திருமணத்திற்காகச் செட்டித் தெருவில், அதாவது மார்க்கெட் ஸ்திரீட்டில், இருந்த கிட்டங்கி ஒன்றில், அதாவது செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கடையில், கடன் வாங்கினார். நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு மரப்பெட்டியும் சாய்வு மேசையும் பாயுமாக உட்கார்ந்திருந்த செட்டியார்களைப் பற்றி அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1970களின் இறுதியில் அந்தக் கட்டடங்கள் இடிபட்டன. அந்த நாள் வட்டி குறைவு என்றோ, எல்லாரும் நியாயமாக நடந்தார்கள் என்றோ நான் சொல்லவில்லை. அப்பாவே அந்தக் கடனைக் கட்டி முடிக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் அவர் ஒன்றைப் பெருமையாகச் சொல்வார். பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதை எட்டிப் பார்த்து அவரால் படிக்க முடிந்தது. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே எழுத்தைப் படித்தார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் அப்பாவுக்கு வாய்த்தது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு இங்கே வரும் அறந்தாங்கித் தம்பிக்கு வாய்க்கவில்லை.

என் தொழிலிலேயே இதற்கு ஒரு தீர்வைப் பார்த்திருக்கிறேன். 2016 ஏப்ரல் 1 முதல், வேலை நியமனச் சட்டத்தின் கீழ் வரும் ஊழியர்களுக்கு விவரமான சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும் என்று விதி வந்தது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மிகைநேரம் எத்தனை மணி, எதற்காக எவ்வளவு பிடித்தோம், கையில் எவ்வளவு என்று ஒவ்வொன்றும் ஒரு வரி. அதற்கு முன் எங்கள் மேசையில் மாதந்தோறும் சண்டைதான். “போன மாசத்தைவிட இந்த மாசம் ஏன் குறைவு?” என்று ஒருவர் கேட்டால், பழைய ஏட்டைப் புரட்டி அரை மணி நேரம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சீட்டு வந்த பின், “இந்த 40 வெள்ளி எதுக்கு?” என்று விரல் வைத்துக் கேட்கிறார்கள். எங்கள் தவற்றையும் அவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டு முறை நான் ஓய்வுநாள் சம்பளத்தை விட்டுவிட்டதை அந்தச் சீட்டைக் கொண்டுவந்துதான் காட்டினார்கள். அன்றே திருத்திக் கொடுத்தேன்.

தமிழில் தருவதும் புதிதல்ல. வேலை அனுமதிக்கான கொள்கையளவு ஒப்புதல் கடிதத்தை ஊழியரின் தாய்மொழியிலும் மனிதவள அமைச்சு தருகிறது. சம்பளம் என்ன, பிடித்தம் என்ன என்பதை ஊரிலிருந்து புறப்படும் முன்பே அவர் தன் மொழியில் படித்துவிட்டு வருகிறார். சம்பாதிக்கப்போகும் பணத்தைத் தமிழில் சொல்ல முடிகிற அரசாங்கத்திற்கு, அவர் கட்டப்போகும் பணத்தைத் தமிழில் சொல்வதில் என்ன தடை இருக்க முடியும்?

ஆகவே நான் கேட்பது இது: சம்பளச் சீட்டைப் போல ஒரு கடன் சீட்டு. ஒரே பக்கம். அமைச்சே வகுத்து, நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அச்சிட்டு, கடன் கொடுப்பவர் எண்களை மட்டும் நிரப்பும் படிவம். கையெழுத்து வாங்குவதற்கு முன் அது வாங்குபவரின் கையில் இருக்க வேண்டும். அது கொடுக்கப்படாத கடனுக்கு வட்டியோ கட்டணமோ வசூலிக்கும் உரிமை இருக்கக் கூடாது. அதில் இருக்க வேண்டியவை மிகக் குறைவு. இன்று உங்கள் கைக்கு வரும் பணம் இவ்வளவு, நீங்கள் திருப்பிக் கட்டப்போவது மொத்தம் இவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவு, எந்தெந்தத் தேதியில் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் கூடுதலாக எவ்வளவு, என்ன ஆனாலும் இந்தத் தொகைக்கு மேல் உங்களிடம் செலவு வசூலிக்க முடியாது, குறை இருந்தால் போக வேண்டிய இடம் எது. எல்லாம் வெள்ளிக் கணக்கில்.

வெள்ளிக் கணக்கு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விழுக்காடு என்பது ஒருவரை ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்காமலேயே ஏமாற்றிவிடும். மாதம் 4 விழுக்காடு என்பது காதுக்குச் சிறிய எண். அதையே ஆண்டுக்கு வட்டிக்கு வட்டி சேர்த்துப் பார்த்தால் 60 விழுக்காட்டைத் தொடுகிறது. ஆண்டு வட்டியைக் கணக்கிட்டுச் சொல்லும் முறைக்கு ‘பயனுறு வட்டி விகிதம்’ என்று தமிழில் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லைப் படிவத்தில் போடுவதால் மட்டும் மொழிபெயர்ப்பு ஆகிவிடாது. ‘450 கைக்கு வரும், 572 கட்ட வேண்டும்’ என்று எழுதினால் அது எந்தத் தமிழருக்கும் புரியும். தமிழில் எழுதுவது என்பதும் புரியும்படி எழுதுவது என்பதும் வேறுவேறு வேலை என்பதை மொழிபெயர்ப்போர் மனத்தில் கொள்ள வேண்டும்.

தாமதக் கட்டணத்தைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். 60 வெள்ளி என்ற உச்சவரம்பு 20,000 வெள்ளி வாங்கியவருக்கும் 500 வெள்ளி வாங்கியவருக்கும் ஒன்றே. அந்தத் தம்பிக்கு மாதத் தவணை 95 வெள்ளி. ஒன்பது நாள் தாமதத்திற்கு அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைந்த அபராதம். கடன் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு இந்த 60 கனக்கிறது. சிறு கடன் வாங்குபவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரிந்ததே. தாமதக் கட்டணத்தைத் தவறிய தவணையில் இத்தனை விழுக்காடு என்று வைத்து, 60 வெள்ளியை அதன் மேல் எல்லையாக மட்டும் விட்டுவைக்கலாம். கடன் சீட்டு வராவிட்டாலும் இந்த ஒரு திருத்தத்தை அமைச்சு தனியாகச் செய்துவிட முடியும்.

இது வெளிநாட்டு ஊழியர்களின் சிக்கல் மட்டும் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். எங்கள் புளோக்கில் ஆறாம் மாடியில் இருக்கும் என் தங்கை முறைப் பெண், தொடக்கக் கல்லூரி வரை இங்கேயே படித்தவள், ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவள். சென்ற தீபாவளிக்கு முன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். ‘இப்போது வாங்கிப் பிறகு செலுத்தும்’ செயலிகள் நான்கு. ஒன்றில் குழந்தையின் தள்ளுவண்டி, ஒன்றில் இரண்டு பட்டுப்புடவை, ஒன்றில் குளிர்பதனப் பெட்டி, இன்னொன்றில் மாமியாருக்கு வாங்கிய கைப்பேசி. வட்டி இல்லை, மூன்றே தவணை என்றுதான் ஒவ்வொன்றும் சொல்கிறது, அது உண்மையும்கூட. ஆனால் நான்கும் நான்கு வெவ்வேறு தேதிகளில் அவள் அட்டையிலிருந்து பணத்தை இழுக்கின்றன. மொத்தம் எவ்வளவு பாக்கி என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. சமையல் மேசையில் உட்கார்ந்து ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கூட்டினோம்: 2,140 வெள்ளி. “நான் கடனே வாங்குறதில்லேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்க்கா” என்று சொல்லிவிட்டு அவள் அழுதுவிட்டாள்.

இந்தத் திட்டங்களுக்கென்று 2022 அக்டோபரில் துறையே முன்வந்து ஒரு நடத்தை விதிமுறையை வெளியிட்டது. கூடுதல் மதிப்பீடு செய்யாமல் ஒரு நிறுவனத்தில் ஒருவர் 2,000 வெள்ளிக்கு மேல் பாக்கி வைக்க முடியாது, தவணை தவறினால் கணக்கு நிறுத்தப்படும், கட்டணங்களுக்கு வரம்பு உண்டு என்பவை அதில் அடங்கும். நல்ல முயற்சிதான். ஆனால் 2,000 வெள்ளி என்பது ஒரு நிறுவனத்திற்கு. நான்கு செயலி வைத்திருப்பவருக்கு நான்கு 2,000. அதோடு அது துறை தனக்குத் தானே விதித்துக்கொண்ட விதி. நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூன் 10 முதல் இத்தகைய நிறுவனங்கள் கடன் உரிமம் பெற்றாக வேண்டும். பிரிட்டன் தன் நிதி ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் இவற்றைக் கொண்டுவர 2026 ஜூலை 15ஆம் தேதியைக் குறித்தது. கடற்பாலத்திற்கு அந்தப் பக்கம் மலேசியா, வங்கி அல்லாத கடன் நிறுவனங்களை எல்லாம் ஓர் ஆணையத்தின் கீழ்க் கொண்டுவரும் பயனீட்டாளர் கடன் சட்டத்தை 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது.

நம் நாட்டில் வங்கிக் கடனும் கடனட்டையும் நாணய ஆணையத்தின் பொறுப்பு. உரிமம் பெற்ற கடன்கொடுப்போரும் அடகுக் கடைகளும் சட்ட அமைச்சின் பொறுப்பு. தவணை முறையில் கார் வாங்குவதற்கு வாடகைக் கொள்முதல் சட்டம் தனி. அதுவும் (வாகன உரிமைச் சான்றிதழின் விலை நீங்கலாக) 55,000 வெள்ளிக்கு மேற்படாத காருக்கும் 20,000 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கும்தான். ஒவ்வொரு வகைக் கடனுக்கும் ஒரு கதவு, ஒரு பூட்டு. கடனாளிக்கோ ஒரே பணப்பை. வங்கிகளிடமும் கடனட்டைகளிலும் வாங்கும் பிணையில்லாக் கடன் மாத வருமானத்தைப் போல் 12 மடங்கைத் தாண்டக் கூடாது என்று நாணய ஆணையம் 2015இல் 24 மடங்கில் தொடங்கி 2019 ஜூன் வரை படிப்படியாகக் குறைத்துக் கொண்டுவந்தது. எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய விதி அது. அந்தக் கணக்குக்கும் கடன்கொடுப்போர் சட்டத்தின் கணக்குக்கும் நடுவில் ஒரு வீட்டின் உண்மையான கடன் பாரம் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. எல்லாவற்றையும் ஒரே அமைச்சின் கீழ் கொண்டுவருவது பல ஆண்டு வேலை. அது அவசியமா என்பதை அறிந்தவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் எந்தக் கதவு வழியாகக் கடன் வந்தாலும் அதே ஒரு பக்கச் சீட்டு, அதே வரிசையில், அதே சொற்களில் வர வேண்டும் என்று விதிப்பதற்கு அமைச்சுகளை ஒன்றாக்க வேண்டியதில்லை.

அடகுக் கடையை இதில் நான் பெரிதாகச் சேர்க்கவில்லை. 2015இல் வந்த சட்டத்தின்படி மாத வட்டி 1.5 விழுக்காட்டைத் தாண்ட முடியாது, மீட்க ஆறு மாதம் உண்டு, வளையலைக் கொடுத்தவருக்கு மிஞ்சினால் வளையல்தான் போகும் என்பதும் தெரியும். நம் பெண்கள் அடகுச் சீட்டைப் படிக்கத் தெரிந்துகொண்டு வெகுகாலம் ஆகிறது.

சீட்டு கொடுத்தால் மட்டும் படித்துவிடுவார்களா என்று என் கணவரே கேட்டார். நியாயமான கேள்வி. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் கடன் சட்டம் இதற்கு ஓர் எச்சரிக்கை. எந்தெந்தத் தகவலை எந்த வடிவில் தர வேண்டும் என்று அது மிக விரிவாக வகுத்துவைத்தது. காலப்போக்கில் தாள்கள் நீண்டு, வாசகம் இறுகி, வாங்குபவர் புரட்டிக்கூடப் பார்க்காத கட்டாக ஆனது. இன்று அந்த விதிகளைத் தளர்த்தி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் ஒரே பக்கம் என்கிறேன். வழக்கறிஞர்கள் இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டால் அமைச்சு மறுக்க வேண்டும். என் கடனட்டையின் மாதக் கணக்கறிக்கையில், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் தீர எவ்வளவு காலம் ஆகும் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. முதன்முதலில் அதைப் பார்த்த மாதம் சேமிப்பிலிருந்து எடுத்து முழுத் தொகையையும் கட்டினேன். பக்கம் பக்கமாக வந்த மற்ற நிபந்தனைகளில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை.

மருத்துவமனைச் செலவுக்கோ ஊரில் ஒரு சாவுக்கோ ஓடி வருபவர் எந்தச் சீட்டையும் படிக்காமல் கையெழுத்துப் போடத்தான் செய்வார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடன் வாங்கிய அன்று படிக்காதவரும் முதல் தவணை கட்டும் அன்று படிப்பார். அன்றைக்கு அவர் மொழியில் ஒரு தாள் அவரிடம் இருந்தால், தவறான தொகையைக் கேட்டால் மறுக்க முடியும். இப்போதுகூட ஒவ்வொரு முறை கட்டும்போதும் பற்றுச்சீட்டும், ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கறிக்கையும் தர வேண்டும் என்று விதி உண்டு. எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்று தெரியாமல்தான் அவை மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. இரு மொழியிலும் பொருள் வேறுபட்டால் எது செல்லும் என்று கடன்கொடுப்போர் கேட்கலாம். வாசகத்தை அமைச்சு ஒருமுறை எழுதிவிட்டால் மாறுவது எண்கள்தான். எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

மோசடியைப் பற்றியும் ஒரு சொல். 2024இல் மோசடிகளில் இந்நாட்டில் பறிபோன தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. வாட்ஸ்அப்பில் ‘உடனடிக் கடன், வட்டி குறைவு’ என்று வரும் தகவல் எங்கள் ஊழியர்களின் கைப்பேசியில் வாரம் தவறாமல் வருகிறது. உரிமம் பெற்றவர் குறுந்தகவலிலோ தொலைபேசியிலோ கடன் தருவதாகக் கூப்பிடக் கூடாது. தன் கடையிலும், தன் இணையத்தளத்திலும், வர்த்தகக் கையேடுகளிலும் மட்டுமே விளம்பரம் செய்யலாம். கடையில் நேரில் பார்க்காமல் கடன் தரக் கூடாது. அடையாள அட்டையைப் பிடித்துவைக்கவோ, அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல்லைக் கேட்கவோ கூடாது. இந்த விதிகளை எத்தனை முறை தங்கும் விடுதிகளில் சொன்னாலும், அவசரத்தில் இருப்பவருக்கு அவை நினைவுக்கு வருவதில்லை. எங்களிடம் இருந்த ஒருவர், வராத 3,000 வெள்ளிக் கடனுக்கு ‘முன்பணம்’ என்று 400 வெள்ளியை, கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ் வழியாக அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். முறையான கடன் என்றால் அரசாங்கச் சீட்டு ஒன்று தமிழில் வரும் என்பது எல்லாருக்கும் பழகிவிட்டால், அது வராத இடத்தில் சந்தேகம் தானாக எழும். சம்பளச் சீட்டு தராத முதலாளியை இன்று ஊழியர்கள் சந்தேகிப்பது அப்படித்தான்.

அறந்தாங்கித் தம்பியின் கடன் சென்ற மாதம் முடிந்தது. அவர் அந்தத் தாளைக் காட்டிய அன்று மதியமே அவருடைய சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில், மீதித் தவணைகளையும் தேதிகளையும் கட்ட வேண்டிய மொத்தத்தையும் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அதே பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தவணை கட்டியதும் ஒரு கோடு கிழித்துவந்தார். அதைப் பார்த்து அவருடைய அறையிலிருந்து இதுவரை ஏழு பேர் தங்கள் தாள்களை எடுத்து வந்துவிட்டார்கள். ஏழுக்கும் உட்கார்ந்து எழுதினேன். இரண்டில் தவணைத் தேதியையே அவர்கள் தவறாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுதிக் கொடுக்கும் அந்தச் சீட்டின் வாசகத்தை ஒழுங்குபடுத்தி, மாதிரிப் படிவமாகச் சட்ட அமைச்சுக்கு இந்த வாரம் அனுப்புகிறேன். கடன் தொழிலில் இருப்பவர்களும் தமிழாசிரியர்களும் இதே பகுதியில் தங்கள் கருத்தை எழுதினால், எந்தச் சொல் புரியும், எந்தச் சொல் புரியாது என்பது எனக்கும் தெரியவரும், படிவத்தையும் திருத்திக்கொள்வேன்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்காளர் ஒருவர்,
ஜூரோங் வெஸ்ட்